ஒரே வேளையில் ஊரே பார்த்த காலம்: தொலைக்காட்சிப் பெருங்கூட்டம் கலைந்த விதம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. தென்கடலோரத்தில் உயரமான கம்பத்தில் ஆண்டெனா கட்டி இலங்கையின் ரூபவாஹினியைப் பிடித்தவர்களை விட்டுவிட்டால், அடுத்த பதினெட்டு ஆண்டுகளுக்குத் தமிழில் பார்க்கக் கிடைத்தது தூர்தர்ஷன் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ ஓடும்போதும் ஞாயிறு மாலைத் திரைப்படம் ஓடும்போதும் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது என்று அக்காலத்தவர் சொல்வது பெரும்பாலும் உண்மை. நிகழ்ச்சியின் சிறப்பே அதற்குக் காரணம் என்று சொன்னால் அது மிகை. ‘ஒலியும் ஒளியும்’ என்பது சில திரைப்பாடல்களைத் தொகுத்துப் போட்ட அரைமணி நேரம், அவ்வளவே. வாரத்தில் அந்த அரைமணி நேரத்தை விட்டால் பாட்டைக் காட்சியோடு பார்க்கத் திரையரங்குக்குத்தான் போக வேண்டும் என்ற நிலை அந்தக் கூட்டத்தைச் சேர்த்தது.

பெட்டிகளும் குறைவு. சென்னையிலேயே உருவான டயனோரா, சாலிடேர் போன்ற கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் நடுத்தரக் குடும்பத்துக்கும் கைக்கெட்டாத விலையில் இருந்தன. வாங்கியவர்கள் வானொலிக்குப் போலவே அஞ்சலகத்தில் ஆண்டு உரிமக் கட்டணமும் செலுத்தினார்கள். 1980களின் நடுவில்தான் அது ஒழிந்தது. மரப்பெட்டிக்குள் வைத்து, இழுத்து மூடும் கதவு போட்டு, மேலே கையால் பின்னிய விரிப்பும் போர்த்திய அந்தச் சாதனம் ஒரு வீட்டின் உடைமையாக இருந்தாலும் பயன்பாட்டில் தெருவின் பொதுச்சொத்து. கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தவர்கள் போக, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றவர்களும் உண்டு. பூந்தமல்லி–ஆவடி சாலையில் உள்ள பாரிவாக்கம் போல ஏரியையும் வயலையும் நம்பியிருந்த ஊர்களில், தனியார் வீடுகளுக்கு முன்பே ஊராட்சியின் பொதுப்பெட்டிகள் வந்தன. பஞ்சாயத்து டிவி என்றே அதற்குப் பெயர். பூட்டிய அறையில் இருக்கும்; சாவி வைத்திருப்பவர் வந்து திறந்தால்தான் நிகழ்ச்சி. ‘வயலும் வாழ்வும்’ தொடங்கும்போது சிலரே இருப்பார்கள், படம் தொடங்கும்போது இடம் போதாது.

பின்னாளில் வந்த குறைவைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். பெருங்கூட்டம் என்று நினைவில் நிற்பது, ஒரு பெட்டிக்கு முப்பது நாற்பது பேர் என்ற அடர்த்திதான். மாநிலம் முழுவதும் இருந்த பெட்டிகளின் எண்ணிக்கையோடு பெருக்கிப் பார்த்தால், 1980களின் தொடக்கத்தில் ஒரு தமிழ் நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் இன்றைய நடுத்தர நெடுந்தொடர் ஒன்றைப் பார்ப்பவர்களைவிடக் குறைவாகவே இருந்திருக்க வேண்டும். தொகையும் விகிதமும் வேறு வேறு. தொலைக்காட்சியின் பார்வையாளர் தொகை அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஏறிக்கொண்டே போயிற்று. ஒரே வேளையில் ஒரே காட்சியைப் பார்த்தவர்களின் பங்குதான் முதலில் கரையத் தொடங்கியது.

கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு மாறியது 1982இல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 முதல் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் ஒளிபரப்பாகும் தேசிய நிகழ்ச்சி வந்தது. 1984இல் சிறு ஒளிபரப்பிகள் நாடெங்கும் வேகமாக நிறுவப்பட்டன. அந்த ஆண்டு நவம்பரில் இந்திரா காந்தியின் இறுதி ஊர்வலத்தை நாடு நேரலையில் பார்த்தது. 1987 ஜனவரியில் தொடங்கிய ‘ராமாயண்’, 1988 அக்டோபரில் தொடங்கிய ‘மகாபாரத்’ இரண்டும் ஞாயிறு காலையைத் தமக்கென்று எடுத்துக்கொண்டன. இந்தி புரியாத தமிழ் வீடுகளிலும் அவை ஓடின. கதை தெரிந்ததால் மொழி தடையாகவில்லை. இரவு இந்தி நிகழ்ச்சிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. தமிழ்ச் செய்தி முடிந்து டெல்லியின் இந்தி நிகழ்ச்சி தொடங்கியதும் பெட்டியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போவது சென்னை வீடுகளின் வழக்கமாயிற்று. தூர்தர்ஷனின் கூட்டம் அடுத்த ஐந்தாண்டுகளில் கலைந்த வேகத்துக்கு அந்த வழக்கமே வித்திட்டது எனலாம்.

1991 வளைகுடாப் போரைக் காட்டிய சி.என்.என்., அதே ஆண்டு வந்த ஸ்டார், 1992இல் வந்த ஜீ ஆகியவை மாடியில் பெரிய டிஷ் வைத்த கேபிள்காரரை உருவாக்கின. தமிழ்நாட்டில் அவருக்குப் பிழைப்பைக் கொடுத்தது 1993 ஏப்ரல் 14இல் தொடங்கிய சன் டிவி. தொடக்கத்தில் நாளுக்குச் சில மணி நேரம்தான், ஆனால் முழுக்கத் தமிழ். ராஜ் டிவி, பின்னர் விஜய் டிவி, 1999இல் ஜெயா டிவி என்று வரிசை நீண்டது. மாடிக்கு மாடி தாவிச் சென்ற கறுப்பு ஒயர் மாதம் ஐம்பது அறுபது ரூபாய்க்கு இவ்வளவையும் வீட்டுக்குள் கொண்டுவந்தது.

அலைவரிசைகள் பெருகியதால் கூட்டம் சிதறியது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அது பாதி உண்மை. தமிழ்நாட்டில் மிகப் பெரிய தொலைக்காட்சிக் கூட்டங்கள் கூடியது, பல தமிழ் அலைவரிசைகள் வந்த பிறகுதான். 1999 டிசம்பரில் தொடங்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஓடிய ‘சித்தி’, 2002 முதல் 2005 வரை ஓடிய ‘மெட்டி ஒலி’, 2003 முதல் 2009 வரை ஓடிய ‘கோலங்கள்’ ஆகியவை மாலைப்பொழுதின் கால அட்டவணையையே மாற்றின. இரவுச் சமையல் தொடருக்கு முன்பே முடிந்தது, விருந்தினர் வருகை தள்ளிப்போடப்பட்டது. மற்ற அலைவரிசைகள் பெயருக்கு இருந்தன. ரிமோட் ஒன்றிலேயே நின்றது. கூட்டம் சிதற, மாற்று இருப்பது மட்டும் போதவில்லை. அந்த மாற்று அதே தரத்தில், அதே எளிதில் கிடைக்க வேண்டியிருந்தது.

அரசியல் அந்தச் சிதறலை விரைவுபடுத்தியது. 2006இல் மக்கள் தொலைக்காட்சி, 2007இல் கலைஞர் தொலைக்காட்சி, 2010இல் கேப்டன் டிவி என்று கட்சிக்கொரு அலைவரிசை வந்தது. 2011இல் புதிய தலைமுறை தொடங்கிய பின் முழுநேரச் செய்தி அலைவரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வாக்கு எண்ணிக்கை நாள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தூர்தர்ஷன் காலத்தில் முடிவு வரும்வரை இரவெல்லாம் படம் போட்டு, இடையிடையே முன்னணி நிலவரம் சொல்வார்கள். ஆளுங்கட்சிக்காரரும் எதிர்க்கட்சிக்காரரும் ஒரே திரைமுன் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது அவரவர் கட்சி முன்னிலையில் இருக்கும் அலைவரிசையில் அவரவர் இருக்கிறார்கள். பிற்பகலுக்குள் எல்லா அலைவரிசையும் ஒரே எண்ணுக்கு வந்துவிடும்போது பாதிப் பேர் பெட்டியை அணைத்துவிடுகிறார்கள்.

2006 செப்டம்பர் 15இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின் விளைவு யாரும் எதிர்பாராதது. 14 அங்குலப் பெட்டிகள் சுமார் 1.6 கோடி குடும்பங்களுக்குச் சென்றன. பார்வையாளர் தொகை இதனால் பெருகியது என்பதில் ஐயமில்லை. கூடவே அடுத்த வீட்டுக் கூடமும் பஞ்சாயத்து டிவியும் ஒரேயடியாகத் தேவையற்றுப் போயின. பெட்டிக்கு நாற்பது பேர் என்பது நான்கு பேர் ஆயிற்று. 2011இல் மறுபடி உயிர்பெற்ற அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்தது. டிஷ் ஆண்டெனாவும் செட்டாப் பாக்ஸும் பரவியபோது பழைய கேபிளில் நூறு என்றிருந்த அலைவரிசைகள் பல நூறாயின. இந்தியாவில் இன்று அனுமதி பெற்ற தனியார் செயற்கைக்கோள் அலைவரிசைகள் 900ஐ ஒட்டி இருக்கின்றன.

கூட்டம் சேர ஆள் வீட்டில் இருக்க வேண்டும். மேற்குச் சென்னையில் இந்தக் காரணம் கண்கூடு. அம்பத்தூர், ஆவடி வட்டாரம் 1950களிலிருந்தே ஷிப்ட் பார்த்துப் பழகியது: டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப், 1960களில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஆனால் அந்த ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்; மாலை ஏழு மணிக்கு வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள், தொடர்களின் கூட்டம் அவர்கள்தான். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, அதைத் தொடர்ந்து வந்த மின்னணு ஆலைகள் என்று பூந்தமல்லிக்கு மேற்கே எழுந்த தொழில் வட்டாரம் வேறு வகை. கைபேசி ஆலைகளில் பெண்களே பெரும்பான்மை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நாள் முழுவதும் நின்று ஆளேற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்துகளில் இருப்பவர்கள், முந்தைய தலைமுறையில் அதே நேரத்தில் ‘சித்தி’ பார்த்துக்கொண்டிருந்தவர்களின் மகள்கள். பிற்பகல் இரண்டு மணி ஷிப்ட் முடிந்து இரவு பதினொன்றுக்கு அறைக்குத் திரும்பும் அவர்கள் கைபேசியில் அன்றைய தொடரைப் பார்க்கலாம், பார்க்கவும் செய்கிறார்கள். அது ஒளிபரப்பின் கணக்கில் வராது.

அவர்கள் அப்படிப் பார்க்க முடிந்ததற்கு விலை ஒரு காரணம். 2016 செப்டம்பர் 5இல் ஜியோ வரும்வரை ஒரு ஜிபி தரவு 250 ரூபாயை ஒட்டி இருந்தது. சில ஆண்டுகளில் 20 ரூபாய்க்குக் கீழே இறங்கிவிட்டது. நாளுக்கு ஒன்றரை ஜிபி என்ற திட்டங்களில் மிச்சமானது நள்ளிரவோடு காலாவதியாகும் என்பதால், தீர்க்க வேண்டும் என்றே பார்ப்பவர்களும் உண்டானார்கள். மேலைநாடுகளில் குடும்பக் கூட்டம் கலைந்தது அறைக்கொரு பெட்டி வந்தபோது. இந்தியாவில் தொலைக்காட்சி உள்ள வீடுகளில் பெரும்பாலானவற்றில் இன்றும் பெட்டி ஒன்றுதான். இரண்டாவது திரை, மூன்றாவது திரை எல்லாம் கைபேசியாகவே வந்தன. ரிமோட்டுக்கான சண்டை ஓய்ந்த வீடுகளில் சமாதானம் செய்துவைத்தது அதுதான்.

பண்டிகைநாள் திரைப்படத்தின் கதையில் இந்தக் காரணங்கள் எல்லாம் ஒன்றுசேர்கின்றன. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் காலையில் பட்டிமன்றம், பின் நட்சத்திரப் பேட்டி, மாலையில் இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாகப் புதுப்படம் என்ற வரிசை சன் டிவி வகுத்தது. அந்த மாலைப் படத்துக்குச் சேர்ந்த கூட்டம், அதைத் திரையரங்கில் பார்க்காதவர்கள் பெருந்தொகையில் இருந்ததால் சேர்ந்தது. படம் வெளியாகி மாதக்கணக்கில் வேறு வழியில் நேர்மையாகப் பார்க்க முடியாது. திருட்டு விசிடி தனிக்கதை. இன்று தமிழ்ப் படம் திரைக்கு வந்து நான்கு வாரத்தில் ஓடிடி தளத்துக்கு வந்துவிடுவது வழக்கம். 2020 மே மாதம் ‘பொன்மகள் வந்தாள்’, நவம்பரில் ‘சூரரைப் போற்று’ ஆகியவை திரையரங்கையே தொடாமல் நேராக அமேசான் பிரைமில் வந்தன. பண்டிகைநாளில் தொலைக்காட்சிக்கு வரும்போது படம் பலருக்கு இரண்டாம் முறை. பார்க்காதவருக்கும் இரண்டரை மணி நேரப் படத்தை விளம்பரங்களோடு நான்கு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கப் பொறுமை இல்லை. ஒரு காலத்தில் அந்த விளம்பர இடைவேளையில்தான் ஊரே பலகாரம் மாற்றிக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

அலைவரிசைகளே கூட்டத்தைக் கைபேசிக்கு அனுப்பிவைத்ததும் நடந்தது. பாரிவாக்கத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத செம்பரம்பாக்கத்தின் ஈ.வி.பி. படப்பிடிப்பு வளாகத்தில் அமைந்த வீட்டில், 2017 ஜூன் 25 முதல் விஜய் டிவியின் ‘பிக் பாஸ்’ தமிழ் நடந்தது. தொகுத்து வழங்கியவர் கமல்ஹாசன். அந்த ஆண்டு போட்டியாளர் ஓவியாவுக்காக மாநிலமே இரவு ஒன்பது மணிக்குப் பெட்டிமுன் உட்கார்ந்தது. தமிழில் திட்டமிட்ட நேரத்துக்குக் கூட்டம் சேர்த்த கடைசிப் பெரிய நிகழ்ச்சிகளுள் ஒன்று அது. வாக்களிக்க அழைப்பும் கூகுள் தேடலும் இருந்தன. பின்னர் வாக்கு ஹாட்ஸ்டார் செயலிக்கு மாறியது. 2022இல் ‘பிக் பாஸ் அல்டிமேட்’ தொலைக்காட்சியை விட்டுவிட்டு 24 மணி நேரமும் செயலியில் மட்டும் ஓடியது. நாள் முழுவதும் வீட்டுக்குள் நடப்பதை நேரடியாகப் பார்த்தவருக்கு ஒன்பது மணித் தொகுப்பு எதற்கு?

எண்ணும் முறைகள் மாறிக்கொண்டே வந்ததால் குறைவை அளப்பதும் எளிதன்று. தூர்தர்ஷன், தேர்ந்தெடுத்த வீடுகளில் குறிப்பேடு கொடுத்து, பார்த்ததை எழுதச் சொல்லிக் கணக்கெடுத்தது. பார்க்காத செய்தியைப் பார்த்ததாக எழுதுவது மனித இயல்பு. 1990களின் இறுதியில் டாம் நிறுவனம் பெட்டியில் கருவி பொருத்தியது, பெரும்பாலும் நகரங்களில். 2015 முதல் பார்க் நிறுவனம் ஊரக வீடுகளையும் சேர்த்தது. ஒளிபரப்பின் ஒலிக்குள் காதுக்குக் கேட்காத அடையாளக் குறியைப் புதைத்து, வீட்டுக் கருவி அதைப் படித்துக்கொள்ளும் முறை அதனுடையது. நாடு முழுவதும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளின் மாதிரியிலிருந்து கோடிக்கணக்கானவர்களின் பழக்கம் கணிக்கப்படுகிறது.

செய்திகளில் வரும் எண்களில் மூன்று வேறுபட்ட அளவைகள் கலந்துவிடுகின்றன. அரைமணி நேர நிகழ்ச்சியை ஆயிரம் பேர் ஆளுக்கு ஆறு நிமிடம் பார்த்தால், ஒரு நிமிடமாவது பார்த்தவர்கள் என்ற கணக்கில் ஆயிரம். எந்த ஒரு நிமிடத்திலும் சராசரியாகப் பார்த்தவர்கள் என்ற கணக்கில் இருநூறு. உச்ச நொடியில் ஒருசேரப் பார்த்தவர்கள் மூன்றாவது அளவு. 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் எட்டிப்பார்த்தவர்கள் 30 கோடி என்று ஒளிபரப்பாளர் அறிவித்தார். உச்ச வேளையில் ஒருசேரப் பார்த்தவர்கள் 13 கோடி. ஹாட்ஸ்டாரில் உச்சம் 5.9 கோடி. மூன்றும் உண்மையான எண்கள்; ஒன்றை ஒன்றோடு ஒப்பிட்டால் எல்லாம் பொய்யாகிவிடும். ‘ராமாயண்’ 2020 ஏப்ரல் 16 அன்று 7.7 கோடிப் பேரைச் சேர்த்து உலக சாதனை படைத்ததாகத் தூர்தர்ஷன் சொன்னபோது எழுந்த விவாதமும் இத்தகையதே. ஊரடங்கில் எல்லாரும் வீட்டில் அடைபட்டிருந்தபோது பழைய கூட்டம் கொஞ்ச காலம் திரும்பி வந்தது என்பதை மட்டும் அந்த எண் காட்டுகிறது.

அமெரிக்காவில் இந்த இறக்கம் முன்பே தொடங்கியது. 1983 பிப்ரவரி 28 அன்று ‘மாஷ்’ தொடரின் கடைசிப் பகுதியை 10.6 கோடிப் பேர் பார்த்தார்கள். நாட்டின் மக்கள்தொகையில் அது பாதிக்குச் சற்றுக் குறைவு. எந்த நாடகத் தொடரும் அதன்பின் அந்த எண்ணை நெருங்கவில்லை. ‘டைட்டானிக்’ வென்ற 1998 ஆஸ்கர் விழாவுக்கு 5.5 கோடி, பெருந்தொற்றுக்கு நடுவில் நடந்த 2021 விழாவுக்கு 1.04 கோடி. பிரிட்டனில் நான்கே அலைவரிசைகள் இருந்த 1986 கிறிஸ்துமஸ் நாளின் ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ தொடருக்கு, மறு ஒளிபரப்பையும் சேர்த்து, 3 கோடிப் பேர் சேர்ந்தனர். தூர்தர்ஷன் காலத் தமிழ்நாட்டைப் போலவே அங்கும் கூட்டத்தைக் கூட்டியது மாற்று இல்லாமையே. அமெரிக்காவில் 2023இல் அதிகம் பேர் பார்த்த நூறு ஒளிபரப்புகளில் 93 அந்நாட்டுக் கால்பந்து லீக் ஆட்டங்கள். 2025 சூப்பர் பவுல் 12.77 கோடியை எட்டியது. மதுக்கூடம், பொது இடங்களில் பார்ப்பவர்களையும் விரிவாகச் சேர்த்து எண்ணத் தொடங்கியதும் அந்த உயர்வுக்கு ஒரு காரணம்.

நடக்கும்போதே பார்க்காவிட்டால் பொருளிழக்கும் நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே கூட்டம் தங்குகிறது. தமிழ்நாட்டில் கிரிக்கெட், வாக்கு எண்ணிக்கை, 2016 டிசம்பரில் ஜெயலலிதாவுக்கும் 2018 ஆகஸ்டில் கருணாநிதிக்கும் நடந்த இறுதி ஊர்வலம் போன்றவை அந்த வகை. நெடுந்தொடர்கள் இன்று பார்வையாளர் மதிப்பீட்டில் பத்துப் புள்ளியைத் தொட்டாலே முதலிடம். கட்டணத் தொலைக்காட்சி இணைப்பு உள்ள இந்திய வீடுகள் 2018இல் 15.1 கோடி, 2024இல் 11.1 கோடி, டிடிஎச் இணைப்புகள் 2020 மார்ச்சில் 7 கோடியைத் தாண்டி இருந்தவை 2025 மார்ச்சில் 5.7 கோடிக்குக் கீழே வந்தன. விட்டுப்போனவர்களில் ஒரு பகுதியினர் கட்டணமில்லா டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கும், மற்றவர்கள் இணைய வழித் தொலைக்காட்சிக்கும் போனார்கள். பெட்டி வீட்டில்தான் இருக்கிறது. அதில் ஓடுவது யூடியூப்.

விளம்பரக்காரரும் உரிமை வாங்குவோரும் இந்த மாற்றத்தை மற்றவர்களுக்கு முன்பே விலையில் காட்டிவிட்டார்கள். 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஆட்டங்களின் இந்தியத் தொலைக்காட்சி உரிமை 23,575 கோடி ரூபாய்க்குப் போயிற்று. டிஜிட்டல் உரிமை இரண்டு தொகுப்புகளாக ஏலம் போய், மொத்தம் 23,757.5 கோடி ரூபாய் ஆனது. ஆட்டங்கள் அதே ஆட்டங்கள். தொலைக்காட்சி உரிமை வாங்கிய டிஸ்னி ஸ்டாரும் டிஜிட்டல் உரிமை வாங்கிய வயாகாம்18ம் 2024 நவம்பரில் ஒரே நிறுவனமாயின.